சன்னலை நகர்த்துகிறவர்கள்: மிச்சிகன் மாநில அரசியலும் ஒரு சிந்தனைக் குழாமும்

1

'ஓவர்ட்டன் சன்னல்' என்ற சொல் இப்போது எல்லாத் தரப்பாரின் வாயிலும் புழங்குகிறது. நேற்றுவரை வெளியே சொல்ல வெட்கப்பட்ட ஒரு கருத்து இன்று 'இதுவும் ஒரு தரப்புதானே' என்று மேடை ஏறி, நாளை சட்டப் புத்தகத்தில் உட்கார்ந்துகொள்கிறது. 'சன்னல் நகர்ந்துவிட்டது' என்று சொல்லிவிட்டு நாம் அடுத்த வேலையைப் பார்க்கிறோம். இடதுசாரி எழுத்துக்களிலும் இச்சொல் தாராளமாக வருகிறது. ஏதோ ஒரு பல்கலைக்கழகப் பேராசிரியர் ஆய்ந்து சொன்ன சமூகவியல் கருத்தாக்கம் என்ற எண்ணம் பலருக்கும் உண்டு. ஆனால் அதன் பிறப்பு வேறு மாதிரியானது.

அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் மிட்லண்ட் என்று ஒரு சிறு நகரம். டவ் கெமிக்கல் கம்பெனியின் தலைமையகம் இருக்கும் ஊர். ஜோசப் ஓவர்ட்டன் அந்தக் கம்பெனியில் இஞ்சினியராக வேலை பார்த்தவர். பிறகு அதே ஊரில் இயங்கும் 'பொதுக்கொள்கைக்கான மேக்கினா மையம்' என்ற பழமைவாதச் சிந்தனைக் குழாமில் சேர்ந்து அதன் துணைத்தலைவர் ஆனார். 1990களின் நடுவில், நன்கொடை தரக்கூடிய பணக்காரர்களுக்குத் தம் அமைப்பின் வேலையை விளக்க அவர் ஒரு அட்டையைத் தயாரித்தார். ஒரு பிரச்சினையில் சாத்தியமான கொள்கைகள் அத்தனையும் மேலிருந்து கீழாக அதில் வரிசையாக இருக்கும். கல்வி என்றால் ஒரு முனையில் அரசுப் பள்ளியே இல்லாத நிலை. மறுமுனையில் எல்லாக் குழந்தைகளும் அரசுப் பள்ளிக்குத்தான் போகவேண்டும் என்ற நிலை. அதன்மேல் ஒரு சின்ன அட்டைச் சட்டத்தை மேலும் கீழும் நகர்த்தலாம். சட்டத்துக்குள் தெரிகிற கொள்கைகளை மட்டுமே அரசியல்வாதி தொடுவான். வெளியே கிடப்பதைத் தொட்டால் அடுத்த தேர்தலில் அவன் காலி. ஆகவே அரசியல்வாதியைப் பிடித்து இழுப்பதில் பிரயோசனமில்லை, சட்டத்தை நகர்த்தணும். அதற்குத்தான் நாங்கள் இருக்கிறோம், காசு கொடுங்கள்.

அவ்வளவுதான் விஷயம். 2003இல் ஓவர்ட்டன் தன் 43ஆம் வயதில் சிறு விமான விபத்தில் இறந்துபோனார். அவருடைய சக ஊழியரும் பிற்பாடு மையத்தின் தலைவரானவருமான ஜோசப் லேமன் அந்தக் கருத்துக்கு அவர் பெயரை வைத்துப் பரப்பினார். ஆக, இன்று நாம் அரசியலைப் புரிந்துகொள்ள எடுத்தாளும் இந்தக் கருவி, நன்கொடை வசூலுக்காகச் செய்யப்பட்ட ஒன்று. அதனாலேயே அது பொய்யாகிவிடாது. ஆனால் விற்பனைக்கு வரும் எந்தப் பண்டத்தையும் போல அதுவும் சிலதைக் காட்டுகிறது, சிலதை மறைக்கிறது. மிச்சிகனில் நடந்ததை வைத்து இந்த இரண்டையும் பிரித்துப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

2

'திங்க் டேங்க்' என்பதைத் தமிழில் சிந்தனைக் குழாம் என்கிறோம். 'டேங்க்' என்று சொன்னால் நமக்கு முதலில் நினைவுக்கு வருவது மொட்டைமாடித் தண்ணி டேங்க். இந்தப் படிமம் இங்கே பொருத்தமாகவே இருக்கிறது. ஒருமுறை மேலே ஏற்றிவிட்டால் போதும், கீழே எந்தக் குழாயைத் திறந்தாலும் அதே தண்ணிதான் வரும். குழாயடியில் நிற்கிறவர் யார் மோட்டார் போட்டார்கள், எந்தக் கிணற்றுத் தண்ணி என்றெல்லாம் கேட்டுக்கொண்டிருப்பதில்லை.

மேக்கினா மையம் 1987இல் தொடங்கப்பட்டது. அப்போது மாநில செனட்டில் குடியரசுக் கட்சியின் தலைவராக இருந்த ஜான் எங்லர் இதன் தொடக்கத்தோடு நெருக்கமாக இருந்தவர். அவரே 1991 முதல் 2003 துவக்கம் வரை மாநில ஆளுநர். (அங்கே ஆளுநர் மக்களால் தேர்ந்தெடுக்கப்படுகிறவர், ஏறத்தாழ நம்மூர் முதலமைச்சர் மாதிரி.) சட்டப்படி மையம் ஒரு கல்வி அறக்கட்டளை. அதற்கு நன்கொடை கொடுத்தால் வரிச் சலுகை உண்டு. யார் கொடுத்தார்கள் என்று பொதுமக்களுக்குச் சொல்ல வேண்டிய கட்டாயமில்லை. தேர்தலில் எந்த வேட்பாளரையும் ஆதரிக்கக்கூடாது. ஆனாலும் கொடுக்கிற அறக்கட்டளைகள் தங்கள் வரிக்கணக்கைக் காட்டித்தானே ஆகணும்? அங்கிருந்து கோக் குடும்பம், டிவோஸ் குடும்பம் போன்ற பெரும் செல்வந்தர்களின் அறக்கட்டளைகள் இதற்குப் பணம் கொடுத்தது வெளிவந்தது. டிவோஸ் குடும்பத்துப் பெட்சி டிவோஸ்தான் 2017இல் டிரம்ப்பின் கல்வி அமைச்சர் ஆனவர். மிட்லண்ட் நமக்கும் அவ்வளவு தூரத்து ஊர் அல்ல. போபாலைக் கொன்ற யூனியன் கார்பைடை 2001இல் வாங்கிக்கொண்டது அந்த ஊரின் டவ் கம்பெனிதான்.

மையம் அன்றாடம் என்ன செய்கிறது? கொள்கை ஆய்வறிக்கை போடுகிறது. அதைச் சுருக்கி நாளிதழ்களின் நடுப்பக்கத்துக்குக் கட்டுரையாக அனுப்புகிறது. உயர்நிலைப்பள்ளி மாணவர்களுக்கு விவாதப் பயிற்சி முகாம் நடத்துகிறது. சட்டசபையில் வரும் மசோதாக்கள் எல்லாவற்றையும் எளிய மொழியில் சுருக்கி, யார் எப்படி ஓட்டுப் போட்டார்கள் என்று வெளியிடுகிறது. சட்டசபைச் செய்திகளுக்கென்று தனியாகச் செய்தி வெளியீடு, வழக்குப் போடத் தனி வக்கீல் பிரிவு. இதில் ஒவ்வொன்றையும் தனித்தனியே எடுத்தால் குறை சொல்ல ஒன்றுமில்லை. பள்ளிப் பிள்ளைகளுக்கு விவாதம் சொல்லித்தருவது குற்றமா? எல்லாம் ஒரே டேங்க்கிலிருந்து வருகிறது என்பதைச் சேர்த்துப் பார்க்கும்போதுதான் இதன் பரிமாணம் விளங்கும். வேலை நெருக்கடியில் இருக்கும் பத்திரிகையாளருக்குத் தயாராகப் புள்ளிவிவரம் கிடைக்கிறது. உதவியாளர் இல்லாத சட்டமன்ற உறுப்பினருக்குத் தயாராக வாதம் கிடைக்கிறது. இரண்டு பேருமே அதைத் தம் சொந்தச் சிந்தனையாகவே உணர்கிறார்கள்.

இதற்கு ஒரு வம்சாவளி உண்டு. பொருளாதார அறிஞர் ஹாயக் 1949இல் அறிவுஜீவிகளும் சோஷலிசமும் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். எழுத்தாளர், ஆசிரியர், பத்திரிகையாளர் போன்ற கருத்துத் தரகர்கள்தான் அரசியல் சில காலம் கழித்து எங்கே போகும் என்பதை முடிவு செய்கிறார்கள், சோஷலிஸ்டுகள் இதைப் புரிந்துகொண்டதால்தான் ஜெயித்தார்கள் என்பது அவர் வாதத்தின் சாரம். அதற்குச் சில ஆண்டுகள் முன்பே ஆண்டனி ஃபிஷர் என்ற ஆங்கிலேயர் ஹாயக்கைத் தேடிவந்து, நான் அரசியலில் இறங்கலாமா என்று கேட்டிருந்தார். வேண்டாம், ஆய்வு நிறுவனம் ஆரம்பி என்றார் ஹாயக். பிறகு ஃபிஷர் கோழிப்பண்ணையில் பெரும் பணம் சம்பாதித்தார். 1955இல் அவர் லண்டனில் தொடங்கிய பொருளாதார விவகாரக் கழகம் தாட்சரின் கொள்கைகளுக்குப் பாதை போட்டது. 1981இல் இதே மாதிரி நிறுவனங்களை நாடு நாடாக உருவாக்குவதற்கென்றே அட்லஸ் என்ற அமைப்பையும் அவர் தொடங்கினார். முசோலினியின் சிறையில் கிடந்து கிராம்ஷி யோசித்ததும் இதே விஷயம்தான்: ஆளும் வர்க்கம் வெறும் தடியால் மட்டும் ஆள்வதில்லை, குடிமைச் சமூகத்தின் பொதுப்புத்தியில் உட்கார்ந்துகொண்டு ஆள்கிறது, அதை எதிர்க்கிறவர்கள் நீண்ட நிலைப்போர் நடத்தியாக வேண்டும் என்று அவர் எழுதினார். நாம் கிராம்ஷியை மொழிபெயர்த்தோம், கருத்தரங்கு நடத்தினோம். அவர்கள் கட்டிடம் கட்டி, சம்பளம் போட்டு, நிலைப்போருக்கு ஆள் எடுத்தார்கள்.

3

ஏன் மாநிலம்? வாஷிங்டனில் ஹெரிட்டேஜ் நிறுவனம் 1973இலேயே வந்துவிட்டது. அதே ஆண்டில்தான் மாநிலச் சட்டமன்ற உறுப்பினர்களையும் கம்பெனி ஆட்களையும் ஒரே மேசையில் உட்கார வைத்து மாதிரி மசோதாக்கள் எழுதும் 'அலெக்' அமைப்பும் தொடங்கியது. 1992இல் தென் கரோலினாத் தொழிலதிபர் தாமஸ் ரோ, மாநிலங்களில் இயங்கும் சிந்தனைக் குழாம்களை ஒரு வலையாகப் பின்னினார். மாநிலக் கொள்கை வலைப்பின்னல் என்று அதற்குப் பெயர். இன்று ஐம்பது மாநிலங்களிலும் அதன் உறுப்பு நிறுவனங்கள் இருக்கின்றன. மேக்கினா மையம் அவற்றில் ஒரு மூத்த பிள்ளை. மற்ற மாநிலத்துக்காரர்களும் வெளிநாட்டுக்காரர்களும் சிந்தனைக் குழாம் நடத்துவது எப்படி என்று மிட்லண்டுக்கே வந்து பயிற்சி எடுத்துப் போகிறார்கள்.

அமெரிக்காவில் பள்ளிக்கூடம், நகராட்சி, அரசு ஊழியர் சங்கம், தொகுதி வரையறை எல்லாமே பெருமளவு மாநிலச் சட்டத்துக்குள் வருபவை. மக்களின் அன்றாட வாழ்வைத் தொடுகிற அதிகாரம் அங்கேதான் இருக்கிறது. பத்திரிகைகளின் கவனமும் அறிவுஜீவிகளின் கவனமும் வாஷிங்டனில். கவனிக்கிற கண்கள் குறைவான இடத்தில் குறைந்த செலவில் நிறையச் சாதிக்கலாம் என்பது வியாபாரம் தெரிந்த எவருக்கும் புரியும். நம் தரப்பிலோ உலகமயமாதல் பற்றி நூறு பக்கம் எழுதுகிறவர்கூடத் தன் மாநிலத்தின் நகராட்சிச் சட்டத்தைத் திறந்து பார்த்திருக்கமாட்டார்.

4

இனி சம்பவத்துக்கு வருவோம். 'வேலை உரிமைச் சட்டம்' என்று கேட்டதும் நமக்கு என்ன தோன்றும்? 'வேலை கொடு, இல்லையேல் நிவாரணம் கொடு' என்ற வாலிபர் சங்கத்து முழக்கம்தான். அமெரிக்காவில் அதே பெயருக்கு நேர் எதிர்ப் பொருள். அங்கே ஒரு தொழிற்சாலையில் பெரும்பான்மைத் தொழிலாளிகள் சங்கத்தைத் தேர்ந்தெடுத்தால், உறுப்பினரல்லாதவர்களுக்கும் சேர்த்தே அந்தச் சங்கம் பேரம் பேசியாக வேண்டும். ஆகவே ஒப்பந்தத்தால் பயன்பெறும் எல்லாரும் ஒரு கட்டணம் செலுத்துவது என்று நிர்வாகத்தோடு எழுதிக்கொள்வது வழக்கம். 1947இன் டாஃப்ட்–ஹார்ட்லி சட்டம், இப்படி எழுதிக்கொள்வதைத் தடைசெய்யும் அதிகாரத்தை மாநிலங்களுக்குக் கொடுத்தது. அந்தத் தடைக்குத்தான் 'வேலை உரிமை' என்று பெயர். சங்கத்தின் பலனை வாங்கிக்கொள், காசு கொடுக்காதே என்பது இதன் நடைமுறை. சட்டத்தைப் பற்றிய பாதி விவாதம் பெயர் வைத்த அன்றே முடிந்துவிட்டது. 'வேலை உரிமையை எதிர்க்கிறேன்' என்று எந்தத் தொழிலாளி சொல்வான்?

மிச்சிகன் சாதாரண மாநிலமல்ல. ஜெனரல் மோட்டார்ஸ் தொழிலாளர்கள் 1936 டிசம்பர் 30 முதல் 44 நாட்கள் ஆலைக்குள்ளேயே உட்கார்ந்து போராடி, மோட்டார் தொழிலாளர் சங்கத்தை அங்கீகரிக்க வைத்த ஃப்ளின்ட் நகரம் இங்கேதான் இருக்கிறது. அமெரிக்கத் தொழிற்சங்கத்தின் தொட்டில் என்று சொல்லத்தக்க இடம். இங்கே போய் இந்தச் சட்டத்தைப் பேசுவது 1990களின் தொடக்கத்தில் பைத்தியக்காரத்தனம். மேக்கினா மையம் பேசியது. ஏறத்தாழ இருபது வருஷம், ஆட்சி யாருடையதாக இருந்தாலும் அதையே பேசிக்கொண்டிருந்தது. அறிக்கைமேல் அறிக்கை, தென் மாநிலங்களுக்கு ஆலைகள் ஓடுகின்றன, பார், பார் என்ற ஒப்பீடு. மோட்டார் தொழில் சரிந்து, ஊர்கள் காலியாகி, 2009இல் ஜெனரல் மோட்டார்ஸே திவாலானபோது அந்த ஒப்பீட்டுக்குக் காது கொடுக்கிற ஆட்கள் வந்துவிட்டார்கள். கருத்து மட்டுமே சன்னலை நகர்த்தவில்லை, நெருக்கடி நகர்த்தியது. நெருக்கடி வந்த நேரத்தில் விளக்கம் தயாராக வைத்திருந்தவர் கை ஓங்கியது என்று சொல்வதே சரி.

2011இல் பதவிக்கு வந்த ஆளுநர் ரிக் ஸ்னைடர், இந்தச் சட்டம் என் திட்டத்தில் இல்லை என்றே சொல்லிவந்தார். 2012 நவம்பர் தேர்தலில் சங்கங்கள் கூட்டுப் பேர உரிமையை மாநில அரசியல் சட்டத்திலேயே எழுதிவிட ஒரு முன்மொழிவைப் பொதுவாக்கெடுப்புக்குக் கொண்டுவந்தன. ஏறத்தாழ 57 விழுக்காட்டினர் எதிர்த்து வாக்களிக்க, அது தோற்றது. தேர்தலில் சட்டசபைக் கீழவையில் குடியரசுக் கட்சிக்குச் சில இடங்கள் குறைந்தன. ஜனவரியில் புதிய சபை வந்தால் கணக்கு இடிக்கும். ஆகவே பழைய சபையின் கடைசி நாட்களில், டிசம்பர் 6 அன்று மசோதா வந்தது. குழு விசாரணை ஒன்றும் இல்லை. அன்று கூட்டம் பெருகியபோது சட்டசபைக் கட்டிடத்தின் கதவுகளைச் சில மணி நேரம் பூட்டினார்கள், மிளகு ஸ்ப்ரே அடித்தார்கள். டிசம்பர் 11 அன்று வெளியே 10000 பேருக்கு மேல் நின்று முழங்கிக்கொண்டிருக்க, சட்டம் நிறைவேறி அன்றே கையெழுத்தானது. மிச்சிகன் 24ஆவது 'வேலை உரிமை' மாநிலம் ஆயிற்று. இருபது வருஷப் பேச்சு, ஆறு நாள் சட்டம்.

இன்னொரு நுணுக்கமும் உண்டு. மிச்சிகனில் ஒரு சட்டம் பிடிக்காவிட்டால் கையெழுத்து திரட்டி அதைப் பொதுவாக்கெடுப்புக்கு விடும் உரிமை மக்களுக்கு இருக்கிறது. ஆனால் நிதி ஒதுக்கும் சட்டங்களுக்கு இந்த உரிமை செல்லாது. ஆகவே 'வேலை உரிமை' மசோதாக்களில் சும்மா ஒரு 10 லட்சம் டாலர் ஒதுக்கீட்டைச் சொருகிவிட்டார்கள். மக்கள் கை அதைத் தொட முடியாமல் போயிற்று.

5

இதே சொருகல் இன்னும் பயங்கரமான ஒரு சட்டத்திலும் நடந்தது. கடனில் மூழ்கிய நகராட்சிகளைக் கவனிக்க மாநிலம் அதிகாரி நியமிப்பது மிச்சிகனில் பழைய ஏற்பாடு. மேக்கினா மையத்தோடு இணைந்து எழுதிவந்த நகராட்சி நிதி நிபுணர் லூயி ஷிமெல், அப்படி ஒரு ஊரில் அதிகாரியாக இருந்த அனுபவத்தை வைத்து, இந்த அதிகாரிகளுக்குக் கூடுதல் அதிகாரம் வேண்டும், சங்க ஒப்பந்தங்களையும் மாற்றும் அதிகாரம் வேண்டும் என்று 2005இலேயே மையத்தின் வெளியீட்டில் எழுதினார். ஸ்னைடர் 2011 மார்ச்சில் கையெழுத்திட்ட சட்டம் அந்த அதிகாரத்தைக் கொடுத்தது. அவசரகால மேலாளர் என்பவர் சங்க ஒப்பந்தத்தை ரத்து செய்யலாம், மக்கள் தேர்ந்தெடுத்த மேயரையும் மன்றத்தையும் செயலற்றவர்களாக்கிவிட்டுத் தாமே ஆளலாம். அதே ஆண்டில் பான்டியாக் நகரத்தின் மேலாளராக நியமிக்கப்பட்டவர் ஷிமெல்தான். கருத்தை எழுதியவரே கருவியாகவும் ஆனார். அறிவுக்கும் அதிகாரத்துக்கும் உள்ள உறவு பற்றி ஃபூக்கோவை வைத்து நாம் நிறையப் பேசியிருக்கிறோம். இங்கே நியமன உத்தரவே இருக்கிறது.

கையெழுத்து திரட்டி, 2012 நவம்பர் வாக்கெடுப்பில் மக்கள் இந்தச் சட்டத்தைத் தூக்கி எறிந்தார்கள். ஆறேழு வாரத்தில், அந்த டிசம்பரிலேயே, சில மாற்றங்களோடு ஏறத்தாழ அதே சட்டம் திரும்ப வந்தது. இந்தத் தடவை நிதி ஒதுக்கீடு சேர்த்து. மேலாளர்கள் ஆண்ட ஊர்கள் எவை? டெட்ராய்ட், ஃப்ளின்ட், பான்டியாக், பென்டன் ஹார்பர். ஒரு கட்டத்தில் மாநிலத்துக் கறுப்பின மக்களில் ஏறத்தாழ பாதிப்பேர், தாங்கள் ஓட்டுப் போடாத ஒருவரின் ஆட்சியில் வாழ்ந்தார்கள். 'நிதி ஒழுங்கு' என்ற நிறமற்ற சொல்லாடல் தரையில் இறங்கும்போது கச்சிதமாக நிறம் பார்த்தே இறங்கியது.

ஃப்ளின்ட்டில் நடந்ததை உலகமே அறியும். அப்போது சுமார் ஒரு லட்சம் பேர் வாழ்ந்த ஊர். செலவைக் குறைக்கவென்று 2014 ஏப்ரலில், மேலாளர் ஆட்சியில், டெட்ராய்டிலிருந்து வந்த குடிநீரை நிறுத்திவிட்டு ஃப்ளின்ட் ஆற்றுத் தண்ணீரைத் திறந்தார்கள். அரிப்பைத் தடுக்கும் மருந்தைச் சேர்க்கவில்லை. பழைய குழாய்களின் ஈயம் கரைந்து பிள்ளைகளின் ரத்தத்தில் ஏறியது. தண்ணீர் நாறுகிறது என்று பெண்கள் பாட்டிலில் பிடித்துக்கொண்டுவந்து காட்டினார்கள். அந்த அக்டோபரிலேயே ஜெனரல் மோட்டார்ஸ், இந்தத் தண்ணீரால் எங்கள் இஞ்சின் பாகங்கள் துருப்பிடிக்கின்றன என்று வேறு தண்ணீருக்கு மாறிக்கொண்டது. இரும்புக்குக் கிடைத்த நீதி பிள்ளைகளுக்குக் கிடைக்க மேலும் ஒரு வருஷம் ஆயிற்று. 2015 மார்ச்சில் நகரமன்றம் பழைய தண்ணீருக்கே திரும்பலாம் என்று வாக்களித்தது, மேலாளர் ஏற்கவில்லை. திரும்பியது 2015 அக்டோபரில்தான்.

தண்ணீரை மாற்றச் சொன்னது மேக்கினா மையம் அல்ல. அப்படி எழுதினால் அது பொய். நாம் கேட்க வேண்டிய கேள்வி வேறு. நகரமன்றம் ஒன்று வாக்களித்தும் ஒன்றும் நடக்காத நிலையை யார் நியாயமாக்கினார்கள்? மக்களாட்சி என்பது கடன் இல்லாத ஊர்களுக்கு மட்டும் உரியது என்ற எண்ணத்தை யார் வருஷக்கணக்கில் சகஜமாக்கினார்கள்? சிந்தனைக் குழாமின் பொறுப்பு இந்த இடத்தில் வருகிறது. தன் கையில் கறை படாத தூரத்தில் நிற்பதுதான் அதன் தொழில் என்பதால், சட்டப்படியான குற்றவாளிக் கூண்டில் அதை ஒருநாளும் நாம் ஏற்ற முடியாது. விமர்சனத்தின் கூண்டில்தான் ஏற்ற முடியும்.

6

இப்போது சன்னல் என்ற உருவகத்துக்குத் திரும்புவோம். சமூகம் ஒப்புக்கொண்ட எல்லைக்குள் அரசியல்வாதி நிற்கிறான் என்கிறது அது. மிச்சிகன் அனுபவம் அப்படிச் சொல்கிறதா? அரசுப் பணத்தில் தனியார் பள்ளிக்குப் போகும் வவுச்சர் திட்டத்தை 2000இல் வாக்கெடுப்புக்கு விட்டார்கள். டிவோஸ் குடும்பம் பணத்தைக் கொட்டியது. மூன்றில் இரண்டு பங்குக்கு மேற்பட்டோர் அதை நிராகரித்தார்கள். அவசரகால மேலாளர் சட்டத்தை 2012இல் நிராகரித்தார்கள். அதாவது ஓவர்ட்டனின் அட்டைக் கணக்குப்படியே இவை சன்னலுக்கு வெளியே இருந்தவை. அப்புறம் எப்படிச் சட்டம் வந்தது? நிதி ஒதுக்கீட்டுச் சொருகலால், சபையின் கடைசி நாட்களால், பூட்டிய கதவால். பொதுப்புத்தி முழுதாகக் கைக்கு வராத இடத்தில் நடைமுறை விதி என்னும் தடி வந்தது. மேலாண்மை என்பது சம்மதமும் பலாத்காரமும் சேர்ந்த கலவை என்ற கிராம்ஷியின் கணிப்பில் சன்னல் கோட்பாடு பாதியை மட்டும் எடுத்துக்கொண்டு, மிச்சத்தைத் திரைக்குப் பின்னால் வைத்திருக்கிறது.

மறுபக்கம், இதெல்லாம் கோடீஸ்வரன் காசு, வேறொன்றுமில்லை என்று சொல்லிவிட்டுப் போகும் நம் தரப்பு அலட்சியமும் சரியல்ல. 2012 நவம்பரில் மேலாளர் சட்டத்தைத் தூக்கியெறிந்த அதே மக்கள்தான், அதே நாளில் சங்க உரிமையை அரசியல் சட்டத்தில் எழுதவும் மறுத்தார்கள். இருபது வருஷப் பேச்சு பாதி வேலையை உண்மையாகவே செய்திருந்தது. இதைச் சங்கத்துக்காரர்களே உணர்ந்திருந்தார்கள். 2001இல் மிச்சிகன் ஆசிரியர் சங்கத்தின் தலைவர், தங்கள் தரப்பிலும் ஒரு ஆய்வு நிறுவனம் தொடங்கும்போது, மேக்கினா மையம் சாதித்ததைக் கண்டு வியக்கிறேன் என்ற பொருளில் பேசினார். மையம் அதை அப்படியே எடுத்துத் தன் நன்கொடைக் கடிதத்தில் போட்டுக்கொண்டது. சங்கம் வழக்குப் போட்டு 2004இல் மேல்முறையீட்டில் தோற்றது. எதிரியின் பாராட்டையும் காசாக்கத் தெரிந்தவர்கள்.

சுதந்திரச் சிந்தனை பற்றிப் பேசும் இந்த மையம் 2011இல் இன்னொன்றும் செய்தது. பக்கத்து மாநிலமான விஸ்கான்சினில் அரசு ஊழியர் சங்கங்களை ஒடுக்கும் சட்டத்தை எதிர்த்துப் பெரும் போராட்டம் நடந்துகொண்டிருந்த நேரம். மிச்சிகனின் மூன்று அரசுப் பல்கலைக்கழகங்களில் தொழிலாளர் ஆய்வுத் துறை ஆசிரியர்கள் அனுப்பிய மின்னஞ்சல்களில் விஸ்கான்சின், அதன் ஆளுநர் பெயர், அதன் தலைநகரின் பெயர் வருபவை அனைத்தையும் கொடுங்கள் என்று தகவல் அறியும் சட்டப்படி மனுப் போட்டது. தன் நன்கொடையாளர் பட்டியலை வெளியிடத் தேவையில்லாத நிறுவனம், ஆசிரியர்களின் கடிதங்களைக் கேட்கிறது. ஒருவர் எழுதியதைப் படிக்காவிட்டால்கூட, படிப்போம் என்று தெரியப்படுத்தினால் போதும், அடுத்த கடிதத்தில் அவர் கை தயங்கும். எழுதுகிறவர்களாகிய நாம் ஞாபகத்தில் வைத்துக்கொள்ள வேண்டிய தந்திரம் இது.

7

கதை அங்கேயே முடிந்துவிடவில்லை. தொகுதிகளை ஆளுங்கட்சி தன் வசதிக்கு வெட்டிக்கொள்ளும் வழக்கத்தை ஒழிக்க, முன்பின் அரசியல் அனுபவமில்லாத சாதாரண ஆட்கள் கையெழுத்து திரட்டி, 2018இல் ஒரு வாக்கெடுப்பைக் கொண்டுவந்து ஜெயித்தார்கள். ஏறத்தாழ 61 விழுக்காடு ஆதரவு. தொகுதி வரையும் வேலை சுயேச்சையான குடிமக்கள் குழுவின் கைக்கு வந்தது. புதிய தொகுதிகளில் நடந்த 2022 தேர்தலில், ஏறத்தாழ நாற்பது வருஷத்துக்குப் பின் முதல்முறையாக ஜனநாயகக் கட்சி இரு அவைகளையும் ஆளுநர் பதவியையும் சேர்த்துப் பிடித்தது. 2023 மார்ச்சில் ஆளுநர் விட்மர் 'வேலை உரிமை'ச் சட்டத்தை ரத்து செய்யும் மசோதாவில் கையெழுத்திட்டார். 2024 பிப்ரவரியில் அது நடைமுறைக்கு வந்தது. இப்படியொரு சட்டத்தை ஒரு மாநிலச் சட்டசபை ரத்து செய்தது, 1965இல் இண்டியானாவுக்குப் பிறகு இதுதான் முதல்முறை.

ஜெயித்துவிட்டோம் என்று துண்டை உதறித் தோளில் போட்டுக்கொள்ளலாமா? முடியாது. உச்ச நீதிமன்றம் 2018இல் ஜேனஸ் வழக்கில், நாடு முழுவதும் அரசு ஊழியரிடம் இப்படிக் கட்டணம் வாங்கக்கூடாது என்று தீர்ப்பளித்துவிட்டது. தீர்ப்பு வந்ததும், சங்கத்திலிருந்து விலகிக்கொள்ளலாம் என்று நாடெங்கும் அரசு ஊழியர்களுக்குச் சொல்லும் பிரச்சாரத்தில் மேக்கினா மையம் இறங்கியது. மிச்சிகனில் 2012இல் ஆறு தொழிலாளிக்கு ஒருவர் சங்கத்தில் இருந்தார். 2023இல் எட்டுக்கு ஒருவர். இதற்கு இந்தச் சட்டம் மட்டும் காரணமல்ல, நாடு முழுவதுமே சரிவுதான். ஆனால் சட்டத்தை ரத்து செய்தால் போனவர்கள் தாமாகத் திரும்பிவந்துவிடுவதில்லை. 2024 நவம்பரில் கீழவையும் மறுபடி குடியரசுக் கட்சியின் கைக்குப் போயிற்று. மிட்லண்டில் அந்த டேங்க் அதே இடத்தில் நிற்கிறது, மோட்டார் ஓடிக்கொண்டிருக்கிறது.

இந்தக் குழாய் இந்தியா வரைக்கும் நீள்கிறது. மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் டியர்பார்ன் வளாகத்தில் பொருளாதாரம் கற்பித்த பார்த் ஷா, நாடு திரும்பி 1997இல் டெல்லியில் குடிமைச் சமூக மையத்தைத் தொடங்கினார். 2007இல் அது பள்ளித் தேர்வு இயக்கம் நடத்தி, ஏழைக் குழந்தைகளுக்கு வவுச்சர் கொடுத்துக் காட்டியது. சதி என்று சொல்ல இதில் ஒன்றுமில்லை, எல்லாம் பகிரங்கமாகவே நடக்கிறது. அரசுப் பள்ளியில் தன் பிள்ளைக்குப் பாடம் நடக்கவில்லை என்று தவிக்கும் தாயிடம் அவர்கள் ஒரு பதிலோடு போகிறார்கள். நாம் அந்தப் பதிலின் பின்னணியை அம்பலப்படுத்தும் கட்டுரையோடு போகிறோம். கட்டுரை சரியாகவே இருக்கலாம். ஆனால் அவள் கேட்டது பதில்.

மிச்சிகனிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது இதுதான் என்று எனக்குப் படுகிறது. அவர்களுடைய பணம் நம்மிடம் இல்லை, வரப்போவதும் இல்லை. ஆனால் தொகுதி வரைபடத்தை மாற்றியவர்களிடமும் தொடக்கத்தில் அந்தப் பணம் இல்லை. வரைவு அவர்களிடம் இருந்தது: எந்தச் சட்டப்பிரிவை எப்படி மாற்றுவது என்று வரிவரியாக எழுதி, அதை ஊர் ஊராகக் கொண்டுபோய்ப் பேசி, கையெழுத்து வாங்கினார்கள். ஃப்ளின்ட் பெண்களிடம் பாட்டில் தண்ணீர் இருந்தது. கருத்தியல் விமர்சனம் இந்த இரண்டோடும் சேரும்போதுதான் அதற்குக் கால் முளைக்கிறது. அடுத்த தடவை 'சன்னல் நகர்ந்துவிட்டது' என்று எழுத உட்காரும்போது, அது தானாக நகரவில்லை என்பதையும், நகர்த்தியவருக்குச் சம்பளம் யார் கொடுத்தார்கள் என்பதையும், பூட்டிய கதவு எது என்பதையும் சேர்த்தே எழுதுவோம். பிறகு, நம்முடைய வரைவு எங்கே என்றும் ஒருமுறை தேடிப்பார்ப்போம்.